விசாரிக்கிற தெரு

பஸ் நிறுத்தம் இரண்டு நிமிட நடைதான் என்று தரகர் பெருமையாகச் சொன்னதும் மருமகளின் முகம் வாடிப்போனது. தரகருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. புறநகரில் வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பதே பஸ்ஸைத்தான். அந்த ஒரு பதிலிலேயே பாதி வியாபாரம் முடிந்துவிடும். இந்த அம்மாளோ, வாசலிலேயே சாக்கடை ஓடுகிறது என்று கேள்விப்பட்டவள் மாதிரி, "அவ்வளவு பக்கத்துலயா?" என்றாள்.

"ஏன் மேடம், தள்ளி இருந்தா நல்லதா?"

"கொஞ்சம் தள்ளி இருந்தா பரவால்ல."

தரகர் இந்தத் தொழிலில் தலை நரைத்தவர். வாஸ்து பார்க்கிறவர்கள், கழிவறைக்குள் நின்று பாடிப் பார்க்கிறவர்கள் என்று எல்லா ரகத்தையும் கண்டவர். பஸ் வேண்டாம் என்கிற ரகத்தை அன்றுதான் கண்டார். சரி, கார் வாங்கப் போகிறார்கள் போலிருக்கிறது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்.

வீடு குறை சொல்ல முடியாத வீடு. அகலமான தெரு, இருபுறமும் மரம், ஒரு பூங்கா, முனைக்கு முனை கேமரா. மருமகளின் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் முதலில் காதைத்தான் தீட்டுவான். குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து தண்ணீர் வருகிற சத்தத்தைக் கேட்டான். சுவிட்சுகளைப் போட்டு அணைத்தான். சுவரைத் தட்டினான், மாடிக்கு ஏறித் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான். இறங்கி வந்து திருப்தியாகத் தலையாட்டினான்.

மருமகள் அதில் எதையும் பார்க்கவில்லை. வாசலில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெல்ல நடந்து போனாள், அங்கிருந்து திரும்பி வந்தாள். கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. ஒரு வீட்டில் திரைச்சீலை அசைந்தது, அவ்வளவுதான். யார் நீ, யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு குரல் கேட்கவில்லை.

"அமைதியான ஏரியா மேடம். யாரும் யார் விஷயத்துலயும் தலையிட மாட்டாங்க," என்றார் தரகர்.

"அது தெரியுது," என்று சொல்லிவிட்டு அவள் போய் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டாள். தரகர் அவள் புருஷனைப் பார்த்தார். அவன் வானத்தைப் பார்த்தான்.

விஷயம் இதுதான். வீட்டில் மாமனார் இருக்கிறார். ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாகியும் குடியிருப்பில் எல்லாருக்கும் அவர் 'கண்டக்டர்'தான். நெரிசலான வண்டியை ஒற்றைக் குரலால் உள்ளே தள்ளி இடம் பண்ணியவர். அந்த மனுஷனுக்கு இப்போது நினைவில் ஓட்டை விழுந்துவிட்டது. காலையில் சாப்பிட்டது மறந்துபோகும். தன் வயது மறந்துபோகும். ஆனால் மத்தியானம் ஆகிவிட்டால் கால் நிற்காது. சட்டையை மாட்டிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். ஒரு முறை பஸ்ஸிலேயே ஏறிப் போய்விட்டார். நல்லவேளையாக டிப்போவில் ஒரு பழைய ஆள் அடையாளம் கண்டு போன் செய்தான்.

டூட்டிக்குப் போகிறார் என்றுதான் வீட்டில் முடிவுகட்டினார்கள். "ரத்தத்துல ஊறுனது, எங்க போகும்," என்பான் மகன். வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் இருவரும் வேலைக்குப் போவார்கள். அவரோ கதவைத் தட்டித் தட்டி, போகிற வருகிற யாரையாவது திறக்க வைத்துவிடுவார். அப்புறம் அவரைப் பிடித்து நிறுத்துவது வாயிற்காவலரும் பழவண்டிக்காரரும்தான். இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் திரும்பக் கூட்டிவருவார்கள். இப்படியே வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது அந்தக் குடியிருப்பையே இடிக்கப் போகிறார்கள். மழைக்காலத்துக்கு முன்னால் எல்லாரும் காலி செய்தாக வேண்டும். வாயிற்காவலர் எங்கேயோ, பழவண்டி எங்கேயோ. வாடகைக்கு அலைந்தது போதும், கடன் வாங்கியாவது புறநகரில் சொந்தமாக ஒன்று பார்த்துவிடுவது என்று தீர்மானமாயிற்று. தண்ணீர், மின்சாரம், கடை, ஆஸ்பத்திரி எல்லாம் மகன் பார்த்துக்கொள்வான். மருமகளை அரித்த கேள்வி வேறு. இந்த மனுஷன் வாசலைத் தாண்டினால் யார் கண்ணிலாவது படுவாரா? பட்டால், அந்த ஆள் வாயைத் திறந்து கேட்பாரா? இல்லையென்றால் ஒரு நாள் அவரைத் தேடிப் போகிற இடம் ஆஸ்பத்திரியாகக்கூட இருக்காது. அவள் வேலை செய்வதே ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்தான். பெயர் தெரியாதவர்களின் படுக்கை விரிப்பும் அங்கேதான் வெளுக்க வரும்.

இதைத் தரகரிடம் நேராகச் சொல்லித் தொலைத்திருக்கலாம். புருஷன் விடவில்லை.

"எங்கப்பாவுக்குப் புத்தி கலங்கிருச்சுன்னு ஊர் பூரா தண்டோரா போடணுமா? அப்புறம் விக்கிறவனே யோசிப்பான்," என்றான்.

"சொல்லாம எப்படிங்க கேக்குறது?"

"சுத்தி வளைச்சுக் கேளு. உனக்குத் தெரியாததா."

இரண்டாவது வீட்டுக்குக் கூட்டிப் போகும்போதே தரகர் மன்னிப்புக் கேட்கிற குரலில்தான் பேசினார். வீடு பழசு, ஆனால் கெட்டி. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், பஸ்ஸுக்குக் கொஞ்சம் நடக்க வேண்டும். கடைசியில் தயங்கித் தயங்கி, "தெருக்காரங்க மட்டும் கொஞ்சம் விசாரிப்பாங்க. கண்டுக்காதீங்க," என்றார்.

ஆட்டோ நிற்பதற்குள் விசாரணை ஆரம்பித்துவிட்டது. முனையில் ஒரு தையல்கடை. தையல்காரர் மெஷினை முகம் தெருவைப் பார்க்கிற மாதிரிப் போட்டிருந்தார். கண் ஊசியில் பாதி, தெருவில் பாதி. காலை மிதியிலிருந்து எடுத்து, யார் வீட்டுக்கு என்றார். எதிர்வீட்டு மாடியில் ஓர் அம்மாள் மடி நிறையச் சட்டைகளை வைத்துக்கொண்டு பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஏதோ துணிக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே செய்கிற வேலை. பல்லில் நூலைக் கடித்தபடியே கேட்டாள். வாடகைக்கா, விலைக்கா? எத்தனை பேர்? சார் எங்கே வேலை, அம்மாவும் வேலைக்குப் போகிறார்களா? அப்படியென்றால் பகலில் வீட்டில் யார்?

கடைசிக் கேள்விக்கு மருமகள் புருஷனைப் பார்த்தாள். அவன் விறுவிறுவென்று உள்ளே போய்க் குழாயைத் திறந்தான்.

"வீடு பாக்க வந்தோமா, வேலைக்கு இன்டர்வியூவுக்கு வந்தோமா?" என்று திரும்பும் வழியில் அவன் பொரிந்து தள்ளினான். "சம்பளத்தை மட்டும்தான் கேக்கல. இந்தத் தெருவுல இருமினாக்கூட எதுக்குன்னு கேப்பாங்க."

மருமகளோ தெருக்காரர்கள் கேட்டதையெல்லாம் விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

ஆனாலும் ஒரு முறை பார்த்ததை நம்பி வாழ்நாள் சம்பாத்தியத்தைக் கொட்ட முடியுமா? சலவைக்கூடத்தில் ஒரு விரிப்பைக்கூட இரண்டு பக்கமும் திருப்பி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துத்தான் மடிப்பார்கள். அவளும் அவளுடைய கூட்டாளியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறினால் ஒளிந்திருக்கிற கறை தெரிந்துவிடும். தெருவையும் அப்படி உதறிப் பார்த்துவிடுவது என்று அவள் நினைத்தாள். விடுமுறை நாளில் புருஷனிடம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறினாள். உச்சி வெயிலில் ஒவ்வொரு கதவாகத் தட்டி, இந்த வீட்டை வாங்கலாமா என்று யோசிக்கிறோம் என்று சொல்லிப் பேச்சுக் கொடுத்தாள்.

சுற்றி வளைத்துத்தான் கேட்டாள். மத்தியானம் வீட்டில் ஆள் இருப்பீர்களா, இல்லை எல்லாரும் வேலைக்குப் போய்விடுவீர்களா? தூங்குகிற வழக்கம் உண்டா, எத்தனை மணி வரை? தெரு எந்த நேரத்தில் ஆள் நடமாட்டமில்லாமல் இருக்கும்? புது முகம் யாராவது நடந்து போனால் கவனிப்பீர்களா? முனையில் இருக்கிற கேமரா வேலை செய்கிறதா? இந்தச் சந்து மெயின் ரோட்டுக்குப் போய் முட்டுமா?

தையல்காரர் ஒவ்வொன்றுக்கும் அளந்து அளந்து பதில் சொன்னார். மாடிவீட்டம்மாள் பொத்தான் தைப்பதை நிறுத்திவிட்டு, அவள் முகத்தையும் செருப்பையும் கைப்பையையும் பார்த்தாள். மருமகளுக்கு அதுகூடச் சந்தோஷமாக இருந்தது. கவனிக்கிறார்கள் என்று மனசுக்குள் ஒரு மதிப்பெண் போட்டுக்கொண்டாள். மாமனாரைப் பற்றிய கவலையில் ஊறிப்போன மூளைக்கு, தான் கேட்ட கேள்விகள் எல்லாம் திருட வருகிறவன் கேட்கிற கேள்விகள் என்பது உறைக்கவே இல்லை.

மூன்றாம் நாள் தரகர் போன் செய்தார். குரலில் சுரத்தில்லை. தெருக்காரர்கள் கூடிப் பேசி, இவர்களுக்கு விற்க வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார்களாம். வீட்டுக்காரரும் பழகிய ஜனத்தைப் பகைத்துக்கொள்ள முடியாது என்கிறாராம். "நீங்க என்ன கேட்டீங்க மேடம்?" என்றார். அவள் சொன்னாள். "ஐயோ மேடம்," என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

புருஷனுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கோபம்தான் ஜெயித்தது. நேரில் போய் இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று, வேலையிலிருந்து அப்படியே அவளையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டான். இதில் ஒரு வில்லங்கம் இருந்தது. அவன் தோளில் தொழில்பை தொங்கியது. தெருவில் இறங்கிப் பையைக் கீழே வைத்தபோது வாய் திறந்துகொண்டது. உள்ளே கடப்பாரைக் கம்பி, திருப்புளிகள், டார்ச், கதவு திறக்கிற சாவிக்கொத்து. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்க இதெல்லாம் இல்லாமல் முடியாது. தையல்காரர் பையைப் பார்த்தார். அப்புறம் மாடியைப் பார்த்தார்.

மாடிவீட்டம்மாள் இறங்கி வந்துவிட்டாள். அவளை முதன்முதலாகக் கீழே பார்க்கிறார்கள், குள்ளமாக, கணுக்கால் வீங்கி இருந்தாள். சண்டைக்கு வந்த தோரணை இல்லை. வந்த சந்தேகத்தைக் கேட்டு முடித்துவிட வேண்டும் என்கிற முகம்.

"தப்பா நினைக்காதீங்க தம்பி. எங்களுக்கு ஒண்ணு புரியல. வீடு வாங்குறவங்க தண்ணி வருமா, கரண்டு நிக்குமான்னு கேப்பாங்க. உங்க வீட்டம்மா நாங்க எப்பத் தூங்குவோம்னு கேட்டாங்க. அது எதுக்கு?"

"சும்மாதான் கேட்டா."

"சும்மா யாரும் அதைக் கேக்க மாட்டாங்க."

மருமகள் வாயைத் திறந்தாள். புருஷன் கையைக் காட்டி அடக்கினான். அவன் காது மடல் சிவந்துவிட்டது. திரும்பிப் போய்விடுவான் என்றே அவள் நினைத்தாள். போய்விட்டால் இந்த வீடும் போயிற்று, இதைப் போல இன்னொரு தெரு கிடைக்கப் போவதில்லை என்று அவளுக்குத் திகிலாக இருந்தது. அவன் குனிந்து பையை எடுத்தான், தோளில் மாட்டினான், மறுபடி கீழே வைத்தான்.

"எங்கப்பா," என்று ஆரம்பித்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டான். "எங்கப்பாவுக்கு ஞாபகம் போயிருச்சு. வெளிய போனா வீடு திரும்பத் தெரியாது. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவோம். அவர் போறதப் பாக்குறதுக்கு யாராவது முழிச்சிருப்பாங்களான்னு தெரிஞ்சுக்கத்தான் கேட்டா. நான்தான் யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தேன்."

சொல்லி முடித்ததும், கனமான சாமானை மாடி வரைக்கும் தூக்கிப் போய் இறக்கியவன் மாதிரி மூச்சு வாங்கினான்.

இனி ஐயோ பாவம் என்பார்கள், அதைத்தான் தாங்க முடியாது என்று மருமகள் பல்லைக் கடித்தாள். யாரும் அப்படிச் சொல்லவில்லை. மாடிவீட்டம்மாள் கேட்க ஆரம்பித்தாள். உயரமா, குள்ளமா? சட்டை என்ன மாதிரிப் போடுவார்? கையைப் பிடித்தால் கோபம் வருமா? சர்க்கரை உண்டா, டீ கொடுக்கலாமா? தையல்காரர் தன் பங்குக்கு, எத்தனை மணிவாக்கில் கிளம்புவார் என்று கேட்டுக்கொண்டார். அந்த நேரத்தில் தான் சாப்பிட உள்ளே போகிற வழக்கம், இனிமேல் கொஞ்சம் முன்னால் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்றார். கண்டக்டர் வேலை, டூட்டிக்குக் கிளம்புவது, ஒரு நாள் பஸ்ஸில் ஏறிப் போனது என்று மருமகள் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனாள். இத்தனை வருஷத்தில் மாமனாரைப் பற்றி அவளிடம் யாரும் இவ்வளவு கேட்டதில்லை.

"ஆளை ஒருவாட்டி கூட்டிட்டு வாங்க," என்றாள் மாடிவீட்டம்மாள். "மொகத்தப் பாத்து வச்சுக்கணும்ல?"

அவளுடைய அடுத்த விடுமுறையில், மத்தியான வாக்கில் கூட்டிப் போனார்கள். கண்டக்டர் சலவைச் சட்டையோடு, தலையைப் படிய வாரிக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையில் ராஜாவாக வந்தார். காலி வீட்டில் ஒரே ஒரு நாற்காலி கிடந்தது. அதில் அவரை உட்கார வைத்துவிட்டு மகன் தண்ணீர்த்தொட்டியைப் பார்க்க மாடிக்கு ஏறினான். மருமகள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். ஜன்னலின் அகலத்தை அளந்துவிட்டுத் திரும்பினால் நாற்காலி காலியாக இருந்தது. கதவு அகலத் திறந்து கிடந்தது.

அவள் வாசலுக்கு ஓடினாள். மகனும் மேலிருந்து பார்த்துவிட்டான் போலிருக்கிறது, ஈரக் கையோடு தடதடவென்று படி இறங்கி வந்தான். கண்டக்டர் அதற்குள் எதிர்வீட்டைத் தாண்டியிருந்தார். அப்பா என்று கத்தப் போன புருஷனின் கையை மருமகள் பிடித்துக்கொண்டாள். ஏன் பிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. என்ன நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் போலிருந்தது.

மாடியிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு எங்க கெளம்பிட்டீங்க?"

கண்டக்டர் நின்றார். நிமிர்ந்து பார்த்தார்.

"பஸ் ஸ்டாப்புக்கு."

"எதுக்கு, டூட்டிக்கா?"

"டூட்டியா?" அவருக்கு அந்தக் கேள்வி வேடிக்கையாக இருந்தது. "நான் ரிட்டயராகி எவ்வளவு வருஷமாச்சு. இனிமே யாரு நமக்கு டூட்டி போடுறா?"

"அப்புறம் எதுக்கு?"

"மருமக வர்ற நேரம். மத்தியான வண்டியில எப்பவும் கூட்டமா இருக்கும், உக்கார எடம் கெடைக்காது. காலைலேருந்து நின்னுக்கிட்டே வேலை பாக்குற பொண்ணு. எறங்கும்போது பையையாவது வாங்கிக்கலாம்னு போறேன்."

"ஒருநாள் பஸ்ல ஏறிப் போயிட்டீங்களாமே?"

"அன்னிக்கு அவ வரல. அடுத்தடுத்து எத்தனையோ வண்டி வந்துச்சு, எதுலயும் இல்ல. என்ன ஆச்சோன்னு பாத்துட்டு வரலாம்னு ஏறினேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுக்கப்புறமும் வரல. தெனமும் போய்ப் பாக்குறேன்," என்றார்.

மருமகளுக்கு ஷிஃப்ட் மாறி இரண்டு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் தினமும் அந்த மத்தியான வண்டியில்தான் வருவாள். நிறுத்தத்தில் மாமனார் நிற்பார். காலாற நடக்க வந்தவர் மாதிரி, ஒன்றும் பேசாமல் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடப்பார். ஷிஃப்ட் மாறியதை அவரிடம் ஒரு தடவை சொன்னார்கள். அது அவருடைய நினைவில் தங்கவில்லை. எங்கேயும் போகாதீர்கள் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்கள், தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள், கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறார்கள். எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் ஒருவர்கூட அவரைக் கேட்டதில்லை.

பக்கத்தில் புருஷன் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அவன் கையை விட்டுவிட்டுத் தெருவில் இறங்கினாள். தையல்காரரின் மெஷின் சத்தம் நின்றிருந்தது.

"மாமா, நான் வந்துட்டேன்," என்றாள்.

கண்டக்டர் திரும்பினார். அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவ்வளவு நேரமாம்மா?" என்று சொல்லிக் கையை நீட்டினார்.

அவளிடம் பை இல்லை. கையிலிருந்த அளவு நாடாவைக் கொடுத்தாள். அவர் அதை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, எப்போதும் போல முன்னால் நடந்தார். நாலு எட்டு வைத்ததும் நின்றுவிட்டார். வரிசையாக இருந்த வாசல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு மாடியைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, இதுல எங்க வீடு எது?"

மாடிவீட்டம்மாள் எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, கையை நீட்டிக் காட்டினாள்.